சாங்ஷன் ஆன தப்பு

ஜூன் 3, 2024

காலை ஒன்பதரைக்குத் தையல் மிஷின் முன்னால் ஆஜர். இரண்டு நிமிஷம் லேட். இவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செக்ரட்டேரியட்டில் முப்பது வருஷம் இப்படிப் பார்த்தே எத்தனை பேருக்கு பி.பி. ஏற்றினாரோ.

நான் பாட்டுக்கு ஆசைக்குத் தைத்துக்கொண்டிருந்தவள். சாலை பஜாரில் கடை கடையாக ஏறி பிட் துணி பொறுக்குவேன். முக்கோணமாக வெட்டிச் சேர்ப்பேன். அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு, போர்வை ரெடி. குயில்ட் என்று சொன்னால் கொஞ்சம் கெத்து. லீவுக்கு வந்த ஜானவி இரண்டை போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். பெண்ணைப் பெற்றதற்கு அனுபவிக்கிறேன். ஆர்டர் வந்தது. ரிட்டயராகி ஏழு மாசமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷர் அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தார், ஷேவ் பண்ணிக்கொண்டார், எனக்கு மேலதிகாரியாகச் சேர்ந்துவிட்டார்.

ஜூன் 5

போர்வைக்கு ஒரு ஃபைல். ஃபைலுக்கு ஒரு நம்பர். சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொன்னால் செல்லாதாம், எழுதித் தரணுமாம். தந்தேன். மேலே ‘அவசரம்’ என்றும் போட்டேன். சாயங்காலம் பதில் வந்தது: அவசரத்துக்கான காரணம் குறிப்பிடப்படவில்லை.

எங்கள் இரண்டு நாற்காலிக்கும் நடுவே மூன்றடி தூரம்.

ஜூன் 11

கல்லாற்றில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் சுதீஷ் நேரில் வந்தார். பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் தங்கும் இடம், ஆற்றோரம், பன்னிரண்டு கட்டில். நான் நீலமும் வெள்ளையுமாகக் காற்றாடி டிசைனில் தைத்து வைத்திருந்ததைத் தடவிப் பார்த்தார். இதேபோல் பன்னிரண்டு வேணும் என்றார்.

ஒரே மாதிரி இரண்டுகூட நான் தைத்ததில்லை. இரண்டாவதற்குள் அலுத்துவிடும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் முகத்தைப் பார்த்தேன், மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பின முகம். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 14

வெட்ட ஆரம்பிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. சாம்பிளில் மூன்றாவது வரிசை, ஒரு காற்றாடிக்கு ஒரு இறக்கை மட்டும் திரும்பி நிற்கிறது. எப்போது நடந்தது என்றும் ஞாபகம் இருக்கிறது. எதிராத்துப் பஞ்சாபகேசன் ஜன்னலைச் சாத்தாமல் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த அன்று. மனுஷிக்கு இரண்டு கண்தானே.

மற்றதில் சரியாகத் தைத்துவிடுகிறேன் என்றேன். இவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நாகு, பார்ட்டி பாத்து ஓ.கே. சொன்ன சாம்பிள் இது. சாங்ஷன் ஆயிடுத்து. நீ திருத்தினா அது வேற ஐட்டம்.”

“தப்புன்னா அது.”

“இருக்கட்டும். சாங்ஷன் ஆன தப்பு.”

ஜூலை 2

இன்றும் நீலம்.

ஜூலை 9

ஜானவியிடம் போனில் அழுதேன். அழுதேன் என்பது கொஞ்சம் அதிகம், மூக்கை உறிஞ்சினேன். முடியலை, நிறுத்தப்போறேன்னு அப்பாகிட்ட நேரா சொல்லேம்மா என்றாள். சொல்லத்தான் போனேன். வாசலில் நின்று பஞ்சாபகேசனிடம் ‘எங்க யூனிட்’ என்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரிவுபசார விழாவுக்குப் பிறகு அந்தப் பல்வரிசையை நான் பார்க்கவே இல்லை.

இதை நிறுத்தினால் என்ன ஆகும்? மறுபடி அந்தக் கட்டிலில், அந்தச் சுவரைப் பார்த்து. என் கையாலேயே அவரைக் கொண்டுபோய் படுக்க வைக்கிற மாதிரி இல்லையா?

திரும்பி வந்து தைத்தேன். தைக்கவே பிடிக்கவில்லை என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் இன்னும் பயமாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது என்று இருந்ததே இது ஒன்றுதான்.

ஜூலை 20

ஏழாவது போர்வை. பழக்க தோஷம், கை தானாக அந்த இறக்கையைச் சரியாக வைத்துவிட்டது. ஸ்கேலோடு வந்து கண்டுபிடித்துவிட்டார். பிரித்தேன். சரியாகத் தைத்த குற்றத்துக்காகப் பிரிக்க வைக்கப்பட்டவள் இந்தக் கோட்டைத் தெருக்களில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 24

பன்னிரண்டும் காரில் ஏறிக் கல்லாறு போயாச்சு. கவரிங் லெட்டர், மூன்று நகலோடு.

ஆகஸ்ட் 28

சுதீஷ் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன், இவரும் கேட்டார்.

“சேச்சி, ஹேண்ட்மேட்னு சொல்லித்தானே தந்தீங்க? இது ஃபாக்டரி சரக்கு. கையால தச்சா தப்பு ஒவ்வொண்ணுல ஒவ்வொரு இடத்துல வரும். பன்னண்டுலயும் அதே இறக்கை எப்படித் திரும்பும்? மெஷின்ல அச்சு மாதிரி அடிச்சிருக்கு.”

இல்லை என்று நான் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வரவில்லை. நாளைக்குத் திருப்பி அனுப்புகிறாராம்.

ஆகஸ்ட் 31

மூட்டைகள் ரேழியில். இவர் கட்டிலில், சுவர்ப்பக்கம். ஷேவ் இல்லை.

எனக்கு விடுதலை. ஆடணும். பாடணும். சாதம் ஏன் இறங்க மாட்டேங்கறது?

செப்டம்பர் 4

நாலு நாளில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார், அதுவும் சுவரிடம். “நான் ரூல்படிதானே பண்ணினேன்.”

கிச்சனுக்குப் போய் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். கோபம் வந்தது. இவர்மேலயா, சுதீஷ்மேலயா, என்மேலயா? அன்னிக்கே கத்திச் சண்டை போட்டிருக்கணும். போடலை. பாவம் பாவம்னு பொத்திப் பொத்தி வச்சு, கடைசியில ரெண்டு பேரும்தான் மாட்டிண்டோம்.

செப்டம்பர் 6

பன்னிரண்டையும் கொண்டுபோய் அவர்மேலேயே கொட்டினேன். தையல் பிரிக்கும் முள்ளைக் கையில் கொடுத்தேன். எல்லாவற்றிலும் அந்த இறக்கையைப் பிரித்து எடுங்கோ, ஒவ்வொன்றிலும் தப்பு வேறு வேறு மாதிரி இருக்கணும், அப்புறம் சுதீஷைக் கூப்பிடலாம் என்றேன்.

மத்தியானத்துக்குள் எழுந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கிராஃப் பேப்பரில் ஒரு சார்ட். முதல் போர்வைக்கு முதல் வரிசையில் தப்பு, இரண்டாவதற்கு இரண்டாவதில். ஆறாவது போர்வைக்கு மேல் எல்லாம் பச்சை மையில்.

கிழித்துப் போட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் எழுதின காகிதத்தை நான் கிழித்தது முதல் தடவை. இரண்டு பேரும் திகைத்துப் போய் நின்றோம்.

“பின்னே தப்பு எப்படிடீ வரும்?”

“மிஷின்ல உக்காருங்கோ. தானா வரும்.”

செப்டம்பர் 8

வந்தது. பிய்த்துக்கொண்டு வந்தது. முதல் இறக்கையைத் தன் வேஷ்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டார். இரண்டாவது, பை மாதிரி தொங்குகிறது. மூன்றாவதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பஞ்சாபகேசன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் எங்களை.

செப்டம்பர் 13

ஓணத்துக்கு இரண்டு நாள். பன்னிரண்டு போர்வை, பன்னிரண்டு கோணல். ஸ்கேலை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. அவரும் தேடவில்லை.

அக்டோபர் 3

சுதீஷ் வந்தார். என் நேர்த்தியான தையல் எதையும் பார்க்கவில்லை. இவருடைய கோணல்மேல் விரலை ஓட்டி, இது கை என்றார். பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டார். இன்னும் ஆறு வேணுமாம். அதையும் இதைத் தைத்தவரே தைக்கணுமாம்.

இருபது வருஷமாகத் தைக்கிறேன். எரிகிறது. ராத்திரி அவருக்கு மோரில் உப்புப் போடவில்லை. குடித்துவிட்டு நன்றாயிருக்கு என்றார்.

அக்டோபர் 10

காலை ஏழு மணியிலிருந்து மிஷின் இவரிடம். ஊசி நூலோடு நான் ஜன்னலோரம். சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூக் கலர், எது கைக்கு வருகிறதோ அது. என்ன டிசைன் என்று இன்னும் எனக்கே தெரியாது.

அது யாருக்கு என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். பேனாவைத் தொட்டார். ஃபைல் போடாமலே கையை எடுத்துக்கொண்டார். பிறகு, நீலத் துணி மிச்சம் இருந்தால் கொடேன் என்றார்.

இருந்த நீலம் அத்தனையையும் அவர் பக்கம் தள்ளினேன்.