கூலித் துறவி

ரெய்ன்ஸ்டேல், யார்க்ஷயர்
12 அக்டோபர் 1794

அன்புத் தம்பி ஏமஸுக்கு,

உன் அக்காள் ஹெஸ்டர் எழுதுவது. நானும் பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் ஹல் துறைமுகத்தில் கைகால் சேதமில்லாமல் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். ஜேபஸ் செத்துப்போனான். உன் கூட்டாளியைப் பற்றிய சேதியை எப்படிச் சுற்றிவளைத்து எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நீ போனபிறகு நடந்ததைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். மடத்துச் சுவரை ஒட்டி நம் முன்னோர் கட்டிய வீடு இப்போது இல்லை. துரை சர் ஆம்ப்ரோஸின் மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் இடிந்த மடம் மட்டும்தான் தெரிய வேண்டுமாம். நம் புகைபோக்கியும் கோழிகளும் தெரியக்கூடாதாம். காரியஸ்தர் ப்ரிக் வந்து, "இடிபாடு இடிபாடா இருக்கணும். நடுவுல உங்க கந்தலு காஞ்சா எவன் உக்காந்து படம் வரைவான்?" என்று கேட்டார்.

இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் அரசன் துறவிகளை விரட்டிவிட்டு, கூரையிலிருந்த ஈயத்தை உருக்கி எடுத்துப் போனான். மிஞ்சிய கல்லில்தான் நம் ஊரில் பாதி நிற்கிறது. அந்தத் துறவிகள் மட்டும் என்ன யோக்கியம்? தனிமை வேண்டுமென்று, இங்கிருந்த குடிசைகளைக் காலி செய்துவிட்டுத்தான் மடம் கட்டினார்களாம். இந்தப் பள்ளத்தாக்குக்கு யார் வந்தாலும் முதலில் அவர்கள் கண்ணை உறுத்துவது குடியிருப்பவன்தான்.

வீட்டை இடித்தபின் துரைக்கு இன்னொரு ஆசை வந்தது. மடம் இருந்தால் துறவி வேண்டாமா? பெரிய மனிதர்கள் தோட்டத்துக்கு ஒரு துறவியைக் கூலிக்கு வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஏழு வருடம் முடியும் நகமும் வெட்டக்கூடாது. யாரிடமும் ஒரு சொல் பேசக்கூடாது, சைகையும் கூடாது. முடித்தால் ஆலைச் சந்தில் எங்கள் ஆயுள்வரை ஒரு வீடு. நடுவில் வாய் திறந்தால் ஒன்றுமில்லை. உன் அத்தான் ரூபன் சரி என்றார். இல்லை, நான்தான் சொல்லவைத்தேன். மாட்டுக்கொட்டகையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வேன்? நம் சமையலறை இருந்த அதே மூலையில், சாக்குத்துணி அங்கியோடு, மடியில் ஒரு மண்டையோட்டை வைத்துக்கொண்டு நாலு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

அவரை மனிதராக நடத்தியவன் ஜேபஸ் ஒருவன்தான். இடிந்த சுவர்களில் செடிகொடிகளைப் படரவிடுவது அவன் வேலை. ஏணியில் நின்றபடி தினமும் வம்பிழுப்பான். "என்னண்ணே, தவம் பலிச்சுதா? தாடிக்குள்ள எலி குட்டி போட்டிருக்கு, அசையாத!" என்பான். அவர் தோள் மட்டும் குலுங்கும்.

போன வியாழக்கிழமை துரையின் விருந்தாளிகள் ஓடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு ரொட்டிக்கூடை சுமந்து வந்தேன். ஜேபஸ் மடத்தின் கிழக்குக் கல்வளைவில் ஏணி சாய்த்து ஏறியிருந்தான். அந்த வளைவுக்கு முட்டுக்கொடுத்தது நம் வீட்டுச் சுவர்தான் என்று ரூபன், வீடு இடித்த அன்றே என்னிடம் சொல்லியிருக்கிறார். கல்சுவர் கட்டியே பிழைத்தவருக்குத் தெரியாதா?

திடீரென்று அவர் எழுந்தார். வாய் திறந்தது. என்னைப் பார்த்தார். நான் என் வாயைப் பொத்திக் காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார். பத்து எண்ணுவதற்குள் வளைவு ஜேபஸோடு இடிந்து இறங்கிவிட்டது.

ஜேபஸின் கேலிக்குப் பதில் சொல்லப்போகிறார் என்று நினைத்துத்தான் தடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். பொய், ஏமஸ். கல்லிடுக்கிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்ததை நானும் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வீடுதான் நினைவுக்கு வந்தது.

விழுந்த கல்லை எடுக்க வேண்டாம், இப்படியே பார்க்க நன்றாக இருக்கிறது என்று துரை சொல்லிவிட்டார். ப்ரிக் என்னைக் கூப்பிட்டு, "உம் புருஷன் பலே ஆளு! அப்பக்கூட வாயத் தொறக்கல பாத்தியா? வீடு உங்களுக்குத்தான், போ" என்று சிரித்தார்.

மறுநாள் காலையில் ரூபனிடம் போனேன். வீடு வேண்டாம், எழுந்து வாருங்கள், என்னைத் திட்டவாவது வாய் திறங்கள் என்று கெஞ்சினேன். அவர் பேசவில்லை. அது துரைக்குக் கொடுத்த வாக்குக்காக இல்லை. முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டார்.

ஜேபஸின் மனைவி டைனா தினமும் கொட்டகைக்கு வருகிறாள். என் சின்னவளுக்குத் தலைவாரிவிடுகிறாள். "நீ அங்கதானே இருந்தே அக்கா? கடைசியா அவரு எதாச்சும் சொன்னாரா?" என்று கேட்கிறாள். அவனுக்கு வலித்திருக்காது என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

நீ உடனே புறப்பட்டு வா. விடுப்புத் தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. டைனா முன்னால் தனியாக நிற்க எனக்குத் தைரியமில்லை. நீ பக்கத்தில் நின்றால் போதும், சொல்லவேண்டியதை நானே சொல்கிறேன். அவள் என்னை அடித்தால் தடுக்காதே. பிறகு உன் அத்தானிடம் போய், அக்காள் சொல்லிவிட்டாள் என்று சொல். என் வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

வழியில் கடவுள் உன்னைக் காக்கட்டும். எனக்கென்று அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

உன் அக்காள்,
ஹெஸ்டர்