வெட்டிப் பார்க்காத கணு

கோர், நியூசிலாந்து
மே 14

அன்பு மகள் அய்ல்சாவுக்கு,

அப்பா எழுதுவது. சிப்பி பொரிக்க வைத்த அடுப்பை அணைத்துவிட்டு எழுதுகிறேன், அவ்வளவு அவசரம். பெர்த்திலிருந்து புற்றுநோய் அறுவை நிபுணர் டாக்டர் ஹீதர் கின்ராஸ் காலையில் பேசினார்! உனக்கும் அழைத்தாராம், நீ எடுக்கவில்லை. நான் சொன்னதுதான் சரி!

உன் புற்றுக் கட்டியை எடுத்த ஆஸ்பத்திரிக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. உன்னிடம் 'முதல் கட்டம்தான், மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு' என்றார்கள், நீயும் நம்பினாய். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு உன் அறிக்கையை ஒன்பது முறை படித்தேன். சினைப்பையை எடுத்தார்கள், மற்றதைக் கண்ணால் பார்த்தார்கள், தைத்துவிட்டார்கள். வயிற்றை அலசி அந்த நீரைச் சோதிக்கவில்லை. குடல்மேல் கிடக்கும் கொழுப்புத் திரையில் ஒரு துண்டு எடுக்கவில்லை. நோய் முதலில் போய் ஒளியும் நிணநீர்க் கணு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இறைச்சிக் கூடத்தில் முப்பத்தாறு வருடம் பரிசோதகனாக நின்றேன். பளபளவென்று தொங்கும் ஆட்டிலும் கணுவை வெட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும். அதற்காக நான், வெட்டிய ஆடுகள் வரிசையாகத் தொங்கி ஓடும் சங்கிலியை நிறுத்தும்போதெல்லாம் மேற்பார்வையாளன், 'யோவ் மர்டாக், ஆட்டைக் கட்டிக்கப் போறியா, இவ்ளோ பாக்குற?' என்று கத்துவான்.

நான்காவது கடிதத்தை டாக்டர் கின்ராஸுக்கு அனுப்பினேன், உன் அறிக்கையோடு, ஆட்டின் கணுக்களைப் படம் வரைந்து. 'மானத்தை வாங்காதீங்கப்பா, நான் என்ன ஆடா?' என்று போனை வைத்தாய். மறக்கவில்லை. டாக்டர் சொன்னதைக் கேள்: 'உங்க படத்தைப் பாத்து எல்லாரும் சிரிச்சோம் ஐயா. அப்புறம் அறிக்கையைப் படிச்சோம், சிரிப்பு போயிடுச்சு.' அங்கே எங்கெங்கே துண்டு எடுக்க வேண்டுமோ, அத்தனைக்கும் பெயர் ஒட்டிய குப்பிகளை முன்பே அடுக்கிவிடுவார்களாம். எல்லாம் நிறையாமல் தைக்கமாட்டார்களாம்! சிறு துளைகள் வழியாகவே செய்யலாமாம். சுத்தம் என்றால் மருந்து ஏற்றாமலே தப்பலாம். எங்காவது ஒளிந்திருந்தால் இப்போதே பிடித்துவிடலாம்.

அந்த இரண்டாம் அறுவைக்கு ஜூன் மூன்றாம் தேதியை உனக்காக வைத்திருக்கிறார். 'இன்னொரு தடவை யாரையும் வயித்துல கை வைக்க விடமாட்டேன்' என்றாய். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று. வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், அவசரத்தில், பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஓர் ஆட்டை வெட்டிப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினேன். அது யார் வீட்டுத் தட்டுக்குப் போனதோ, இன்றுவரை தெரியாது.

கடல் தாண்டாதவன், பெர்த்தில் உன் பக்கத்தில் இருக்க பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். படத்தில் ஆட்டுத் திருடன் மாதிரி இருக்கிறேன். அறுவைக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போடு, அய்ல்சா. ஒருமுறை சங்கிலியை நிறுத்து.

நன்றாக இரு. நான் போன பிறகும் நெடுங்காலம் இரு.

உன் அப்பா,
மர்டாக்