லீவு கிடைக்காத பார்ட்னர்

அன்பு மகன் குமரேசனுக்கு, ஜமுனாமரத்தூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை புவனாவும் சுகம். பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

நான் தோட்ட வேலை பார்க்கும் விடுதியில் ஐந்து மாதம் சம்பளம் வராதது உனக்குத் தெரியும். தெரியாத சங்கதி ஒன்று உண்டு. போன வருடம் முதலாளி ஒரு தாளை நீட்டி, இனிமே நீ கூலி ஆள் இல்ல தசரதா, பார்ட்னர் என்றார். நானும் உச்சி குளிர்ந்து கையெழுத்துப் போட்டுத் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தேன். உன் அம்மா மட்டும், பார்ட்னருக்கு இன்னாத்துக்குய்யா தொடப்பம் என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். புவனாவின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கியதும் போய்க் கேட்டால், பார்ட்னருக்கு ஏதுப்பா சம்பளம், லாபம் வந்தா பங்கு, இப்ப நஷ்டம் என்று கையை விரித்துவிட்டார்.

அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு திருவண்ணாமலை தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். விசாரணைக்கு முதலாளி சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார். அந்தத் தாளைக் காட்டியதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். நான் சோம்பேறி என்று காட்ட என் லீவு லெட்டர்களையெல்லாம் ஃபைல் போட்டு எடுத்து வந்தார். வாயால் லீவு கேட்டால் அவருக்கு ஆகாது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பணிவுடன் எழுதித் தர வேண்டும். பார்ட்னர் ஆன பிறகு எழுதியது மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் பச்சை மையில் அனுமதி இல்லை என்று எழுதிக் கையெழுத்து. அதிகாரி மேடம் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, பார்ட்னருக்கு லீவு இல்லன்னு சொல்ல நீங்க யாருங்க என்றார். முதலாளி தண்ணீர் கேட்டார். மேடம், பேர் எதுவானாலும் வேலை வாங்கியவர்தான் சம்பளத்துக்குப் பொறுப்பு என்று சொல்லி, ஐந்து மாதத்தையும் கட்ட உத்தரவு போட்டார். பணம் வந்தது, புவனாவுக்கும் கட்டிவிட்டோம்.

சங்கடம் என்னவென்றால், மேடம் அந்த லெட்டர்களைச் சத்தமாகப் படித்தார். அதில் இரண்டில் என் மாமியார் காலமாகிவிட்டதாக எழுதியிருந்தேன். அவர் கண்ணமங்கலத்தில் கல்லுக்குண்டாக இருக்கிறார். அந்த இரண்டுக்கும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியும் உன் அம்மா கேட்கவில்லை. எங்கம்மாவ ரெண்டு வாட்டி கொன்ன மனுசனுக்குக் கூழே ஜாஸ்தி என்கிறாள். நாலு நாளாகக் கூழ்தான்.

குமரேசா, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் உன் கம்பெனியும் உன்னைப் பார்ட்னர் என்றுதான் சொல்கிறதாம், போன வாரம் காய்ச்சலோடு வண்டி ஓட்டினாயாம். புவனா சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. முதலில் படுத்து ஓய்வெடு, கஞ்சி குடி. ஓய்வெடுக்கக் கூடாது என்று யாராவது செய்தி அனுப்பினால் அதை அழிக்காமல் வை, சண்டை போட வேண்டாம். நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறென்ன வேண்டும். கண்ணமங்கலம் பாட்டிக்கு ஒரு போன் போட்டு உடம்பு எப்படி என்று கேள், நான் கேட்கச் சொன்னதாக மட்டும் சொல்லாதே.

உன் அப்பா,
தசரதன்,
தோட்டத் தொழிலாளி.