நான் பார்க்காத கடைசிக் காட்சி

இன்று காலை ரயில் கார்டை மறந்து பாதிப் படியிலிருந்து திரும்பி வந்தேன். எடுத்துக்கொண்டு அப்படியே ஓட மனம் வரவில்லை. குசினியில் அடுப்புக்கு எதிரே உள்ள கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கினேன். புறப்பட்டவர் திரும்பி வந்தால் நம் வீடுகளில் அப்படித்தானே வழக்கம். ரயில் போய்விட்டது.

நீ நடிக்க அமெரிக்காவுக்குப் போன நாளிலும் இதே கதிரைதான். மெரிலேண்ட்ஸில் தோழிகள் நாம் இருவரும் சேர்ந்து வாடகைக்கு இருந்த இதே வீடு. காரில் பெட்டிகளை ஏற்றிய பிறகு பாஸ்போர்ட் எடுக்க ஓடிவந்தாய். நான் வாசலை மறித்தேன்.

"இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ."

"உனக்கென்ன விசரே? ஃபிளைட் எனக்காக நிக்குமோ?"

"இருடி."

ஒரே மூச்சில் குடித்து, வெறும் கிளாஸை என் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடினாய்.

அங்கே முதலில் பற்பசை விளம்பரம். பிறகு துப்பறியும் தொடரொன்றில் பிணம். "மூச்சு விடாமக் கிடக்கிறதுதான் நடிப்பு," என்று சிரித்தாய். அடுத்து மருத்துவமனைத் தொடர். முதல் வருடம் பெயரில்லாத தாதி. நான்காம் வருடம் சொந்தக் கதையே உள்ள தாதி. இங்கே உன் அம்மா மேய்ஸ் ஹில் கோயிலில் அன்ரிமாரிடம், "மகள் அமெரிக்காவில நேர்ஸ்" என்றே சொல்லிவந்தா. "அப்ப நான் நல்லா நடிக்கிறன்," என்றாய்.

அந்தத் தொடரில் ஒரு பகுதியைக்கூட நான் பார்க்கவில்லை. நாடகப் பள்ளிக்கு இருவரும்தான் விண்ணப்பித்தோம். உன்னை மட்டும் எடுத்தார்கள். நூலக வேலை, நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொறாமை என்று எழுத இன்றுதான் கை வருகிறது.

"இந்தக் கிழமை எபிசோட் பார்த்தனியோ? கடைசிக் காட்சி?" என்று நீ தொலைபேசியில் கேட்டபோது சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"ஓம், பார்த்தனான். நீ அழுத இடம் நல்லா இருந்தது."

"சரியடி, ஷூட்டிங்குக்குக் கூப்பிடுறாங்கள்," என்று வைத்துவிட்டாய். அதன்பின் உன் நடிப்பைப் பற்றி நீ என்னிடம் பேசவேயில்லை. எட்டு மாதத்தில் ஒரு கார் விபத்தில் நீ போய்விட்டாய். 'அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை' என்று செய்தி போட்டார்கள்.

நேற்று உன் அம்மா அழைத்தா. "தனியப் பார்க்கப் பயமாய்க் கிடக்கு, வா பிள்ளை." இருவருமாக, அன்று நீ கேட்ட அந்தப் பகுதியைப் பார்த்தோம். கடைசிக் காட்சியில், சாகப்போகும் கிழவரிடம் விடைபெற்று அறையைவிட்டுப் போகிறாய். மறந்த பேனாவுக்காகத் திரும்பி வருகிறாய். எடுத்ததும் போகவில்லை. கதிரையில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறாய். வெறும் கிளாஸை ஒரு கணம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறாய். வசனமே இல்லை.

"ஆர் இவளுக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?" என்றா அம்மா.

இப்போது அந்தக் கதிரையில் இருந்துதான் எழுதுகிறேன். நீ அழவில்லையடி. பார்த்திட்டன்.