பதினோரு பேர் எழுதிய ஒரே வரி

இன்று காலை உன் அண்ணன் நம் வேங்கிக்கால் டைப்பிங் கடைக்கு வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். நீ இறந்த முப்பதாம் நாளுக்கு நினைவு மலர் போட வேண்டுமாம். தெரிந்தவர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிய அஞ்சலிகள், ஆளுக்கு ஒரு வரி.

கை பழக்கத்தில் ஓடியது. பெயர்களைத் தனியே எடுத்துவிட்டு, வரிகளை அகரவரிசையில் அடுக்கி, தேடல் பெட்டியில் ^(.+)(\n\1)+$ என்று அடித்தேன். ஒரு வரியைப் பிடித்து, அதற்குக் கீழே அச்சாக அதே வரி மறுபடி வருகிறதா என்று பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன். பக்கத்து நாற்காலியிலிருந்து எனக்கு நீ சொல்லிக்கொடுத்தது. "கண்ணு சலிச்சிடும்டி, இது சலிக்காது" என்பாய்.

'ஈடு செய்ய முடியாத பேரிழப்பு. அன்னாரது ஆன்மா சாந்தியடயட்டும்.' பதினோரு பேர். எழுத்துப் பிழைகூட மாறவில்லை. உன்னை நினைத்து ஒரு சொல் அடிக்க இவர்களுக்கு விரல் இல்லை. அருவருப்பாக இருந்தது. மூலக் கோப்பைத் திறந்து அவர்களின் பெயர்களைப் பார்த்தேன். கடைசியாக நம் முதலாளி. உன்னை வேலையை விட்டுப் போகவைத்த மனிதர்.

நீ வேலையை விட்ட அன்று வந்தது ஒரு மகளிர் விடுதியின் கோப்பு. சாப்பாடு பற்றி மாணவிகள் எழுதிய கருத்துகள் என்று சமையல் ஒப்பந்தக்காரர் பிரிண்ட் அடிக்கக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான பெயர்கள். நீ தேடிப் பார்த்தால் நாலே வரிகள், திரும்பத் திரும்ப. ஜெராக்ஸ் எடுக்க வந்த விடுதிப் பெண்ணுக்கு அவள் பெயரைக் காட்டினாய்.

"அக்கா, சாம்பார்ல புழு கிடந்துதுன்னுதான் எழுதிக் குடுத்தேன். மூணு பேரு வாந்தி எடுத்தாங்க. 'அருமை'னு நான் எழுதலக்கா."

நீ நேராக முதலாளியிடம் போனாய். "இதை அடிச்சுக் குடுக்க மாட்டேன் சார்."

"குடுக்குறதை அடிக்கிறதுதாம்மா நம்ம வேலை. ஜாஸ்தி பேசாத."

"அப்போ வேற ஆளைப் பாத்துக்குங்க."

ஒரே மாதிரியான வரிகளைக் குறித்த தாள்களை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாய். பெற்றோர் திரண்டு போய்க் கேட்டார்கள், ஒப்பந்தக்காரரை மாற்றினார்கள். ஆனால் நீ கிளம்பிய அன்று மாலையே அந்தக் கோப்பை அடித்துக் கொடுத்தது நான். உன்னிடம் சொல்லவே இல்லை. புழு என்று எழுதியவளின் பெயருக்கு நேராக 'அருமை' என்று அச்சாக்கிய கை இது. நீ செங்கம் ரோட்டில் வேறு கடைக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் என்னோடு டீ குடித்தாய். யார் அடித்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. போன மாதக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு சொல்ல ஆளில்லை.

மதியம் முதலாளி மேசையில் தாளை வைத்தேன். "பதினோரு பேரு ஒரே வரி சார். உங்களதும்."

"செத்தவங்க வந்து படிக்கப் போறாங்களா? போட்டுடும்மா."

"போட மாட்டேன் சார். நீங்களா ஒரு வரி எழுதிக் குடுங்க."

பேனாவைத் திறந்து தாளில் வைத்தார், எழுதாமலே மூடினார். "என் பேரை எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன். மற்றவர்களுக்கு உன் அண்ணன் போன் செய்தார். நாலு பேர் புதிதாக எழுதி அனுப்பினார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நீ எப்போதும் நின்றுகொண்டே தூங்குவாய் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துத்தான் அழுதேன்.

இனி என் வரி. விடுதிக் கோப்பை அடித்தது நான்தான் என்று என் பெயரோடு எழுதியிருக்கிறேன். உன் அண்ணன் படிப்பார். அந்த விடுதிப் பெண்ணும் படிக்கலாம். என் மேல் எனக்கு வரும் இந்த அருவருப்பு உன்னோடு பழகியதால் வந்தது. அதை நான் கழுவிக்கொள்ளப் போவதில்லை.