சித்திரையில் விழுந்த உறைபனி

பிளேஸ்டோ, லண்டன்
13.04.1997

அன்புள்ள கலாவதிக்கு,

மச்சாள் எழுதிக்கொள்வது. நாளைக்கு வருஷப்பிறப்பு. இந்தக் கடிதம் கொழும்பில் கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு வந்து சேர்கிறபோது புதுவருஷம் பழசாகியிருக்கும். என்றாலும் உமக்கும் பிள்ளைக்கும் எங்கள் இருவரின் வாழ்த்து.

நீர் காத்திருக்கிற செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்காரன் போன் எடுத்தான். மாரி முழுக்க உக்ரேனில் ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடந்த தம்பி பாலேந்திராவையும் மற்ற ஆட்களையும் இனி அனுப்பப் போகிறானாம். "ஸ்னோ எல்லாம் உருகிட்டுது அக்கா, மரமெல்லாம் துளிர்க்குது. ஒரு காட்டைத் தாண்டினால் சிலோவாக்கியா. அங்கயிருந்து வாகனம். பயப்பிடாதேங்கோ" என்றான். பாரமில்லாமல் கெதியாய் நடக்க வேண்டும் என்று எல்லோரிடமும் இருந்த தடித்த கோட்டுகளைத் திரும்ப வாங்கிவிட்டானாம். "வெயில் வந்திட்டுதெல்லோ, இனி உது என்னத்துக்கு" என்று சிரித்தான். தம்பியோடு ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது.

இங்கேயும் வெயில்தான். இரண்டு கிழமையாக ஹீற்றர் போடவில்லை. தெருவில் வெள்ளைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திரிகிறார்கள். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலம் மாறுவது கம்பளிகளில்தான் தெரியும். மாரிக்கென்று வார்டுகளுக்குக் கொடுத்த மேலதிகக் கம்பளிகள் எல்லாம் இந்தக் கிழமை திரும்பி வந்துவிட்டன. தோய்த்து, உலர்த்தி, மடித்து, பையில் கட்டி மேல்தட்டில் ஏற்றி என் தோள்மூட்டு இரண்டும் கழன்றுவிட்டன. இவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. அவர் வரும்போது நான் போகிறேன். ஒருவரை ஒருவர் வாசலில் கண்டு, சாப்பாடு எங்கே இருக்கிறதென்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

யன்னலோரம் முளைக்கவைத்த மிளகாய்க் கன்றுகளை இன்று கொல்லையில் நட்டேன். பக்கத்து வீட்டு ஐரிஷ்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது அவசரம், இந்த நாட்டில் மே நடுப்பகுதி வரைக்கும் வெயிலை நம்பக்கூடாது என்றாள். நான் சிரித்துவிட்டு நட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

தம்பிக்கு மேல்மாடிச் சின்ன அறையை ஒதுக்கியிருக்கிறேன். அவன் வந்து அகதி வழக்குப் பதிந்து, பிறகு உம்மையும் பிள்ளையையும் கூப்பிடலாம். மனதைத் தளரவிடாதேயும்.

அன்புடன்,
மச்சாள் தவநாயகி


பிளேஸ்டோ
30.04.1997

அன்புள்ள கலாவதிக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். தம்பியிடமிருந்து உமக்கு ஏதாவது போன் வந்ததா? வந்திருந்தால் உடனே எங்களுக்கு ஒரு மணி மட்டும் அடித்துவிட்டு வையும், நாங்கள் திருப்பி எடுக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஏஜென்சிக்காரனின் நம்பரில் மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

இதனால் பயப்பட வேண்டாம். வழியில் எங்காவது ஒரு வீட்டில் வைத்திருப்பார்கள். போன் இல்லாத இடமாக இருக்கும்.

இங்கே வெயில் ஏமாற்றிவிட்டது. போன கிழமை ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் கொல்லை முழுக்க வெள்ளை. ஸ்னோ இல்லை, உறைபனி. புல் ஒவ்வொன்றும் உப்பில் புரட்டியெடுத்ததுபோல நின்றது. இவர் வேலையால் வந்து, காரின் கண்ணாடியைச் சுரண்டிய கை விறைத்து, கதவில் திறப்பைப் போட முடியாமல் நின்றார். மிளகாய்க் கன்றுகள் வெயில் பட்டதும் கறுத்துச் சுருண்டன, அவித்த கீரைபோல. ஐரிஷ்காரி கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷி.

சலவைக்கூடத்தில் வார்டுகள் எல்லாம் ஒரேயடியாகப் போன் எடுத்தன, கம்பளிகளைத் திரும்ப அனுப்பச் சொல்லி. ஏற்றிக் கட்டியதை எல்லாம் திரும்ப இறக்கினோம். என்னோடு வேலை செய்கிற பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு முணுமுணுக்கத் தோன்றவில்லை. ஒரு கம்பளியைக் கையில் எடுத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். சுப்பர்வைசர் வந்து, சுகமில்லையென்றால் போய் இரு என்றாள். ஏன் நின்றேன் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன். இரண்டு ரயில், ஒரு பஸ். தம்பியின் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். எனக்கு நாக்கில் வரவில்லை, கலாவதி. என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. ரேவதி என்பது ரயிலில் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாளைக்கு இங்கே தேர்தல். நாள் முழுக்க யாராவது ஒருவர் கதவுத் துளையால் நோட்டீஸ் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது விழுகிற சத்தத்துக்கெல்லாம் நான் ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

நீர் சாப்பிடாமல் இருக்கிறீர் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைக்காகவாவது சாப்பிடும்.

மச்சாள்


பிளேஸ்டோ
08.06.1997

அன்புள்ள கலாவதிக்கு,

உம்முடைய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வேலையால் வந்த களையில் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் இருந்து வாசித்தேன். இவருக்குக் காட்டவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். லொட்ஜ் போனைச் சுற்றி நிற்கிற காதுகளுக்கு நடுவில் நீர் இதைக் கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். பிள்ளையைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, இருந்து வாசியும்.

தம்பி உயிரோடு இருக்கிறான். முதலில் இதை இரண்டுதரம் வாசியும்.

அவன் ஒரு பெண்ணோடு வழியில் நின்றுவிட்டான் என்று லொட்ஜில் சொன்னார்களாம். அது உண்மை. "அவவையே வைச்சிருக்கட்டும், தாலிக்கொடியைக் கழற்றி உங்கட தம்பிக்கு அனுப்பிவிடுறன்" என்று எழுதியிருக்கிறீர். நான் உம்மைக் கோபிக்கவில்லை. மாதக் கணக்காக அந்த அறைக்குள் பிள்ளையோடு தனியே கிடக்கிறவளுக்கு இப்படி ஒரு கதை வந்தால் வேறென்ன எழுதுவாள். நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

வைகாசி பிறந்த கையோடு, தம்பியோடு வந்த ஒருவர் இங்கே பக்கத்து ஊர் ஃபாரஸ்ட் கேட்டில் வந்து இறங்கியிருக்கிறார் என்று இவருக்கு ஷெட்டில் யாரோ சொன்னார்கள். நாங்கள் இருவரும் அன்றைக்கே போனோம். பெயர் கிறிஸ்துநாயகம். மன்னார் ஆள், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், மூன்று பெண் பிள்ளைகளை மடு அகதி முகாமில் விட்டுவிட்டு வந்தவர். ஒரு கடைக்கு மேலே, கட்டிலில் இருந்தார். நான் பாலேந்திராவின் அக்கா என்றதும் எழும்பி நின்றுவிட்டார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

காட்டுக்குள் இறங்கிய அன்று நல்ல வெயிலாம். நடந்த வியர்வையில் சிலர் ஸ்வெட்டரையும் கழற்றி எறிந்தார்களாம். பின்னேரம் காற்று மாறியது. இருள்கிற நேரம் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. மலையில் உருகி வந்த தண்ணீர், இடுப்பளவு. அதில் எமில்டா என்ற பெண் கல்லில் வழுக்கி விழுந்து, தலை முதல் கால் வரை நனைந்து, காலும் பிரண்டுவிட்டது. கொஞ்சத் தூரம் மாறி மாறித் தாங்கிக்கொண்டு போனார்கள். வழிகாட்டி கத்தினானாம், வாகனம் காத்து நிற்காது, வருகிறவர்கள் வரலாம் என்று.

"நீங்கள் போங்கோ, நாங்கள் மெல்ல மெல்ல வாறம்" என்று தம்பி சொன்னானாம்.

"அக்கா, நாங்கள் விட்டிட்டு வந்தனாங்கள். அவர் விடேல்லை. அவ்வளவுதான் கதை" என்றார் கிறிஸ்துநாயகம். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது. அன்றிரவு வாகனத்துக்குள் இருந்துகூடப் பல் கிடுகிடுத்ததாம். விடியக் கண்ணாடிக்கு வெளியே வயலெல்லாம் வெள்ளையாய்க் கிடந்ததாம். கொழும்பு லொட்ஜுக்குப் போன் எடுத்தபோது, பாலேந்திரா எமில்டாவோடு நின்றுவிட்டார் என்று மட்டும் சொன்னாராம், மற்றதைச் சொல்ல வாய் வரவில்லையாம். அந்தப் பாதிதான் உம்மிடம் வந்தது. நாங்கள் வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்து, "என்ர பிள்ளையளை நினைச்சனான் அக்கா" என்றார். நடந்து வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்கலாமா?

வீடு திரும்பி உமக்கு எழுத எத்தனையோ தரம் இருந்தேன். உயிரோடு இருக்கிறான் என்றும் எழுதத் தெரியவில்லை, இல்லை என்றும் எழுதத் தெரியவில்லை.

வியாழக்கிழமை போன் வந்தது. "அக்கா, நான்தான்" என்றான். அப்படியே தரையில் இருந்துவிட்டேன். சிலோவாக்கியாவில் எல்லையோரத்து ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இவ்வளவு நாளும் காய்ச்சலாலும் ஒப்பரேஷனாலும் நினைவு வந்து வந்து போனதாம். எங்கள் நம்பர் எழுதிய துண்டு ஆற்றில் நனைந்து போய்விட்டதால், ஒவ்வொரு இலக்கமாக நினைத்து நினைத்து எடுத்திருக்கிறான். ஒரு நேர்ஸ் தன் அறை போனைக் கொடுத்தாளாம்.

அந்தப் பெண்ணை முதுகில் சுமந்திருக்கிறான், இருள் மூடும்வரைக்கும். பிறகு ஏலாமல் ஒரு மரத்தடியில் இறக்கினான். தன் ஸ்வெட்டரையும், ஆற்றில் இறங்கமுன் கழற்றி நனையாமல் வைத்திருந்த காலுறைகளையும் அவளுக்குப் போட்டுவிட்டான். அவள் செபமாலை சொல்லிக்கொண்டே இருந்தாளாம். நித்திரையாகிவிடக்கூடாது என்று இவனும் அவளோடு சேர்ந்து, தெரியாத மந்திரத்தைப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தானாம். விடிவதற்கு முன்னர் அவள் நிறுத்திவிட்டாள்.

"புல்லெல்லாம் வெள்ளையாய்ப் போச்சுது அக்கா. அவவின்ர தலைமயிரும்" என்றான்.

எமில்டா யார் என்று நீர் கேட்டிருந்தீர். பேசாலைப் பெண். உம்முடைய வயதுதான். ஜெர்மனியில் இருக்கிற புருஷனிடம் போக வெளிக்கிட்டவள். அந்த உக்ரேன் வீட்டில் மாரி முழுக்க எல்லோருக்கும் சமைத்துப் போட்டவள் அவள்தான்.

அவள் போன பிறகாவது நீ எழும்பி நடந்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அக்காவின் வாய், அப்படித்தான் கேட்கும். "விட்டிட்டு வந்தால் ஆரெண்டு தெரியாமல் புதைச்சுப் போடுவாங்கள் அக்கா. அவவின்ர பேரைச் சொல்ல ஒராள் வேணுமெல்லோ" என்றான். மரம் வெட்ட வந்தவர்கள் காணும்வரைக்கும் பக்கத்திலேயே இருந்திருக்கிறான்.

அவள் புருஷனைத் தேடிப்பிடிக்கும்வரை வைத்திருந்து, போன கிழமைதான் அடக்கம் செய்தார்களாம். புருஷனுக்கு வர வழியில்லை, அவரிடமும் விசாப் பேப்பர் இல்லை. தமிழ் ஆளென்று நின்றவன் தம்பி மட்டும்தான். சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்களாம். பாதிரியார் தங்கள் பாஷையில் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஒருவரும் அவளுக்குத் தமிழில் ஒன்றும் சொல்லவில்லையே என்று, தனக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றைப் பாடினானாம். "அவ வேதக்காரி. பிழையோ அக்கா?" என்று கேட்டான். பிழையில்லையடா என்றேன்.

இனி நான் எழுதப்போவதை உமக்குச் சொல்லக்கூடாது என்று அவன் சத்தியம் வாங்கினான். சத்தியத்தை மீறுகிறேன். மறைத்து வைத்து, அவன் வந்து இறங்குகிற அன்று நீர் கண்டு அதிர்வதைவிட இது நல்லது. குளிர் கால்களைத் தின்றுவிட்டது. இடது காலில் விரல்கள் இல்லை. வலது காலில் பெருவிரல் மட்டும் தப்பியிருக்கிறது. தடி ஊன்றி நடக்கப் பழக்குகிறார்கள். டொக்டர் நடப்பான் என்கிறார். முந்திப்போல ஓடமாட்டான், அவ்வளவுதான். ஒரு வக்கீலைப் பிடித்து அவனை இங்கே எடுக்கவோ, அங்கேயே பதியவோ ஏலுமா என்று இவர் அலைகிறார். நாள் எடுக்கும்.

லண்டனில் இப்போது உண்மையாகவே வெயில். சனங்கள் பார்க்கில் கிடக்கிறார்கள். கம்பளிகளைத் திரும்பவும் மேலே ஏற்றிவிட்டோம். நான் மிகவும் களைத்துப்போனேன், கலாவதி. எழுத்துப் பிழைகளைப் பாராதேயும்.

இன்னும் ஒன்று. போனை வைக்கிறதற்கு முன்னர், "கலான்ர கடிதம் ஏதும் வந்ததோ அக்கா?" என்று கேட்டான். உம்முடைய கடிதம் அப்போது என் சட்டைப் பைக்குள் இருந்தது. "இன்னும் வரேல்லையடா, வரும்" என்றேன். பிறகு, "ஓம், தபால் சுணங்கும்தானே" என்றான்.

அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்துவிட்டேன். அது வரவில்லை. நீர் எழுதவில்லை, நான் வாசிக்கவில்லை. ஆஸ்பத்திரி முகவரியை மறுபக்கத்தில் போட்டிருக்கிறேன். நேர்ஸ் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல எழுதியது; அந்தப் பாஷை உமக்கு விளங்காது, எனக்கும் விளங்கவில்லை. நான் எழுதியதைப் பார்த்து நீரும் அப்படியே எழுதும். நிறைய எழுத வேண்டியதில்லை. பிள்ளை கீறிய ஒரு படமும், கீழே உம்முடைய கையெழுத்தும் போதும்.

அம்மாளாச்சி உங்கள் மூவரையும் ஒரு கூரைக்குக் கீழே சேர்த்துவைக்கட்டும். நாளைக்கே தபாலில் போட்டுவிடும், என் கண்ணல்லோ.

உம்முடைய மச்சாள்
தவநாயகி