குடும்பத்தார் எவரும்

ஜூலை 6
விடுதி, மாடி அறை

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். உங்கள் வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? அதை மட்டும் தனியாக எழுதவும். ‘பரவாயில்லை’ என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

உங்கள் மகனும் நானும் பிரிந்து, நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்ட பிறகு, உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று கொஞ்ச நாள் குழம்பினேன். வேறு சொல் எதுவும் வாயில் நிற்கவில்லை. அதனால் அத்தைதான். உங்கள் கடை முகவரிக்கே அனுப்புகிறேன். ஃபோனில் பேசினால் நம் இருவருக்கும் பேச்சு வளர்ந்துவிடும். கடிதத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது.

மேலாண்மை வகுப்பில் நான்தான் மூத்தவள். எல்லாரும் ‘அக்கா’ என்கிறார்கள். முதல் நாள் ஒவ்வொருவரும் இதுவரை என்ன வேலை செய்தோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ‘அத்தை கடையில் படங்களுக்குச் சட்டம் போடுவேன்’ என்றேன். அடுத்த வகுப்பு வணிகச் சட்டம். பின்வரிசைப் பெண் ஒருத்தி, “அக்காவுக்கு இந்தப் பாடம் சுலபம். அவங்கதான் ஏற்கெனவே சட்டம் போடுறவங்களாச்சே” என்றாள். ஆசிரியர்கூடச் சிரித்துவிட்டார். நீதிமன்றங்களில் வாதாடிக் களைத்து, இப்போது எங்களிடம் வந்திருப்பவர்.

அவர் சொன்னது ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். கண்ணாடி அலமாரியில் விலைச் சீட்டோடு ஒரு பொருளை வைத்தால், அந்த விலைக்குத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதாக ஆகாதாம். ‘வந்து கேளுங்கள்’ என்று கூப்பிடுவது மட்டும்தானாம். வாடிக்கையாளர் கேட்பதுதான் முன்மொழிவு. அதை ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் கையில்.

வெயிலில் நின்று கண்ணாடி வெட்டாதீர்கள்.

உங்கள் மூலைமட்டம்

*

ஜூலை 15

என் மூலைமட்டத்துக்கு,

மணிக்கட்டு பரவாயில்லை. நம்பாவிட்டால் போ.

உன் கடிதம் வந்த அன்றே உன் ஆசிரியர் எனக்கு உதவினார். கல்யாணப் படத்தோடு ஒரு ஆள் வந்தான். அலமாரியில் இருக்கும் தங்க வேலைப்பாட்டுச் சட்டத்தைக் கழற்றித் தா என்றான். அது விற்பனைக்கு இல்லை, மாதிரிக்கு வைத்திருக்கிறேன் என்றேன். “வெச்சிருந்தா குடுத்துத்தான் ஆகணும், அதான் சட்டம்” என்றான். “தம்பி, அது வெறும் அழைப்பு. நீங்க கேட்டீங்க, நான் மாட்டேன்னுட்டேன். முடிஞ்சுபோச்சு” என்றேன். நான் ஏதோ வக்கீல் வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பான். அடங்கிப்போய்த் தேக்கு நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான்.

மூலைமட்டம் வைத்த மாதிரி மூலை வெட்டும் நீ போன பிறகு, அதற்கு ஒருத்தனை வைத்தேன். அவன் வெட்டிய இரண்டு சட்டப் பட்டைக்கு நடுவில் எறும்பு குடும்பத்தோடு போய்வரலாம். அனுப்பிவிட்டேன். இப்போது நானேதான்.

உன் முன்னாள் கணவன், அதாவது என் மகன், போன வாரம் கடையை விலைபேச ஒருவரைக் கூட்டிவந்தான். வந்தவர் நாடா வைத்துக் கடையை அளந்தார். என்னையும் அளந்துவிடுவாரோ என்று ஒதுங்கி நின்றேன். அடுத்த தெருவில் பெரிய படக்கடை வைத்திருப்பவராம். “அம்மா, இனிமே எதுக்கு இந்தக் கஷ்டம், எங்கூட வந்து இருங்க” என்கிறான். அவன் கெட்டவன் இல்லை. அவசரக்காரன். உனக்குத் தெரியாதா.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தை

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அத்தைக்கு,

இதை எழுதலாமா என்று இரண்டு மூன்று முறை பேனாவை மூடினேன்.

நேற்று வகுப்பில், எந்தெந்த ஒப்பந்தங்கள் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை என்று பாடம். ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றார் ஆசிரியர். தெரிந்த வேலையைச் செய்து பிழைக்கும் உரிமையை ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்தாலும், சட்டம் அதை வாங்கிக்கொள்ளாதாம். அதோடு, ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் எதையாவது கொடுத்து எதையாவது பெற வேண்டும். மறுபயன் இல்லாத வாக்கு வெறும் வாக்குதான் என்றார்.

நான் கிளம்பிய அன்று உங்கள் மகன் எழுதிவந்த தாள் நினைவிருக்கிறதா? ‘இந்த ஊரில் இனி ஒருபோதும் படச் சட்டம் போடும் தொழிலைச் செய்ய மாட்டேன்.’ பதிலுக்கு எனக்கு எதுவும் தரவில்லை. சீக்கிரம் வெளியேறினால் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். கீழே சாட்சியாக நீங்கள்.

மகிழ்ச்சி வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. பூட்டியிருக்கிறது என்று நம்பி, தள்ளிக்கூடப் பார்க்காமல் திரும்பிவந்திருக்கிறேன். அந்தத் தாள் இல்லையென்றால் இந்தப் படிப்புக்கே வந்திருக்க மாட்டேன். இது பிடிக்கவில்லை என்றில்லை. ஆனால் கை வேறெதையோ தேடுகிறது. விடுதிச் சுவரில் மாட்டியிருக்கும் படம் ஒன்றின் மூலை விலகியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்குகிறேன்.

எதிர்க்கடை போட வரப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அன்று நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

உங்கள் மூலைமட்டம்

*

ஆகஸ்ட் 10

மூலைமட்டத்துக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். எழுது. என்னிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் கோபப்படுவாய்.

சாட்சிக் கையெழுத்து என்றால் நடந்ததைப் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். நடந்தது சரி என்று அர்த்தமில்லை. உன் ஆசிரியரையே கேட்டுப் பார். நான் வாய் திறந்திருந்தால் அன்று அது இன்னொரு சண்டையாகியிருக்கும். நீ இன்னும் ஒரு மணி நேரம் அந்த வீட்டில் நின்றிருப்பாய். நீ போய்விட வேண்டும் என்றுதான் அப்போது எனக்கு இருந்தது. உன் நன்மைக்காக.

அந்தத் தாள் அலமாரியில்தான் இருக்கிறது. செல்லாத தாள் என்று தெரிந்துவிட்டதால் இனி கண்ணாடி துடைக்க எடுத்துக்கொள்கிறேன்.

நீ எழுதியது என் தலைவலியையும் தீர்த்துவிட்டது. கடையைப் பெயரோடு சேர்த்து விற்கச் சம்மதித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மணிக்கட்டு பெரிய கண்ணாடியைத் தாங்குவதில்லை. ஆனால் அந்தப் படக்கடைக்காரர் தாளில் ஒரு வரி இருக்கிறது: நான் இந்த ஊரில் இனி இந்தத் தொழிலைச் செய்யக் கூடாதாம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இப்போது நிம்மதி. உன் கையெழுத்து செல்லாது என்றால் என்னுடையதும் செல்லாதுதானே? போட்டுக் கொடுத்துவிட்டு, மகன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து சின்னச் சின்னப் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொள்வேன். யார் கேட்பார்கள்?

இருபதாம் தேதி கையெழுத்து.

உன் அத்தை

*

ஆகஸ்ட் 14

அத்தை,

நலம் விசாரிக்க நேரமில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

என் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது செல்லாது. உங்களுடையது செல்லும்.

ஆசிரியரை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். “அந்தம்மா கடையை விக்கிறாங்களா, வெறும் சுவரையும் சாமானையும் மட்டும் விக்கிறாங்களா?” என்றார். கடையின் பெயரையும் சேர்த்து என்றேன். “அப்ப நற்பெயரையும் விக்கிறாங்க. அதை வாங்குறவன் காசு குடுத்து வாங்குறான். வித்தவங்களே பக்கத்துல உக்காந்து அதே தொழிலைப் பண்ணா, வித்ததைத் திருப்பி எடுத்துக்கிட்ட மாதிரி. அதனால நியாயமான எல்லைக்குள்ள இருந்தா அந்தத் தடை செல்லும்” என்றார்.

நான் எதையும் விற்கவில்லை. என் கையை மட்டும் கட்டினார்கள். நீங்கள் விற்கிறீர்கள். அதுதான் வித்தியாசம். முழுப் பாடத்தையும் படிக்காமல் பாதியை உங்களுக்கு எழுதிவிட்டேன்.

பின்னறையில் உட்கார்ந்து ஒரு படத்துக்கு ஆணி அடித்தாலும் அவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம். வேண்டாம் என்றால் போடாதீர்கள். போடுவதானால் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஊர், எத்தனை காலம், யார் யார் என்று எழுதியிருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் மூலைமட்டம்

*

ஆகஸ்ட் 23

மூலைமட்டத்துக்கு,

உன் தபால் நேரத்துக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தெரிந்தேதான் போட்டேன். பதறாமல் படி.

படக்கடைக்காரர் குளிர்பானம் வாங்கிவைத்திருந்தார். நான் தொடவில்லை. முதலில் வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். தொழில் செய்யக் கூடாது என்ற இடம் வந்ததும், “இந்த வரி எதுக்கு?” என்றேன்.

“சும்மா, வழக்கமா போடுறதும்மா” என்றான் என் மகன்.

“சும்மா போடுறதுன்னா எடுத்துடலாமே.”

கடைக்காரர் நிதானமான மனுஷர். “அம்மா, ஜனங்க உங்க பேருக்குத்தான் வர்றாங்க. நாளைக்கு நீங்களே எதிர்ல உக்காந்தா நான் வாங்கினது வெறும் சுவருதான்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் பெயரை விற்றுவிட்டு அதை மடியிலும் வைத்துக்கொள்ள முடியாது. பின்னறையில் ஒளிந்து ஒளிந்து ஆணி அடிப்பதைவிட, விட்டேன் என்று நேராகச் சொல்வது எனக்குப் பொருந்தும் என்று பட்டது. ஊர் எல்லையையும் ஐந்து வருடம் என்பதையும் எழுத வைத்தேன்.

ஆனால் ‘விற்பவரும் அவர் குடும்பத்தார் எவரும்’ என்று இருந்தது.

“குடும்பத்தார்னா யாரு?” என்று கேட்டேன்.

“உங்க மகன்... அப்புறம் உங்க மருமக. அவங்க மூலை வெட்டுனா முடிகூட நுழையாதுன்னு எங்க கடை ஆளுங்களே சொல்லுவாங்க. அவங்களுக்காகத்தான் முக்கியமா அந்த வார்த்தை” என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “அவ எங்க குடும்பம் இல்ல. கோர்ட்டுலயே தீர்ந்துபோச்சு. அவளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல” என்றேன்.

என் மகன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உன் உறவை விட்டுவிடச் சொல்லி அவன் எத்தனையோ முறை கேட்டபோதெல்லாம் நான் சொல்லாத வார்த்தை அது. பேனாவை வாங்கி ‘குடும்பத்தார் எவரும்’ என்பதை நானே அடித்தேன். மகன் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். அவனுக்கு ஆணி அடிக்கவே தெரியாது.

வெளியே வந்ததும், “ஏம்மா அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டான். “வண்டியை எடு” என்றேன். வண்டியில் போகும்போது, “நான் எழுதி வாங்கின தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்கம்மா” என்றான். அவ்வளவுதான் பேசினான்.

நீ இந்த ஊரில் கடை வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். அது உன் இஷ்டம். கதவைத் திறந்துவைக்க, உன்னை என் வாயாலேயே அந்நியம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்று முழுக்க எதை வாயில் போட்டாலும் கசந்தது.

கீழே என்ன என்று கையெழுத்துப் போடுவது? நீயே சொல்.

*

செப்டம்பர் 4

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் பாடம். ஓர் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டும். நான் அங்கே இல்லை, கையெழுத்தும் போடவில்லை. ‘குடும்பத்தார் எவரும்’ என்று ஆயிரம் முறை எழுதியிருந்தாலும் அது என்னைக் கட்டியிருக்காது. நீங்கள் அடித்திருக்கத் தேவையே இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவும் தேவையில்லை.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே ஒருமுறை உங்களுக்குப் பாதிப் பாடம் எழுதிவிட்டேன். இனி முழுதாகத்தான்.

தேவையில்லாமல் நீங்கள் அடித்த அந்தக் கோட்டைப் பற்றிப் படித்துவிட்டு நான் வெகுநேரம் அழுதேன். அறையில் கூட இருக்கும் பெண் என்னவென்று கேட்டாள். “எங்க அத்தை என்னைச் சொந்தமில்லைன்னு சொல்லிட்டாங்க” என்றேன். பாவம், சண்டை என்று நினைத்து எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை நம் ஊருக்கு வந்து போனேன். உங்களைப் பார்க்காமல் திரும்பியதற்குத் திட்ட வேண்டாம். முடிவாகாமல் முகத்தைக் காட்ட மனமில்லை. சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஒடுக்கமான இடம், வடக்குப் பார்த்த வெளிச்சம். பேசி முடித்துவிட்டேன். தேர்வு முடிந்ததும் திறக்கிறேன்.

ஐந்து வருடம் நீங்கள் அங்கே சுத்தியலைத் தொடக் கூடாது. பட்டை வெட்டவோ, பசை தடவவோ, வாடிக்கையாளருக்கு நிறம் சொல்லவோகூடக் கூடாது. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கல்லாப் பக்கமும் வரக் கூடாது. ஆனால் தன் படத்துக்குச் சட்டம் போட வந்தவர், அது முடியும்வரை உட்கார்ந்து வம்பளக்கக் கூடாது என்று எந்தத் தாளிலும் இல்லை. ஆசிரியரைக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “எத்தனை படம் வெச்சிருக்காங்களாம்?” என்றார். நிறைய இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தின் கீழே ‘உன் அத்தை’ என்றே போடவும்.

கடைக்கு முதல் சாமானாக ஒரு நாற்காலி வாங்கினேன். கை வைக்கும் கட்டை இருபுறமும் அகலமானது. மணிக்கட்டுக்கு இதமாக இருக்கும்.

உங்கள் மூலைமட்டம்